புல்தரை மண்ணில் மரத்தூள்: எந்த மரம் ஆகும், எப்படி மக்க வைப்பது, எவ்வளவு கலப்பது

வீட்டு முன்புறத்தில் புல்தரை போட நினைப்பவர்கள் பெரும்பாலும் செம்மண், மணல், தொழு எரு என்று மூன்றையும் வாங்கிக் கொட்டுவார்கள். தொழு எருவில் களை விதை வரும், விலையும் கூடிவிட்டது. தென்னை நார்க் கழிவு நீரை நிறையப் பிடிக்கும். நன்றாகக் கழுவாததில் உப்பும் இருக்கும். மர அறுவை மில்லில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும் மரத்தூளைப் பார்த்ததும், இதைப் போட்டால் என்ன என்று தோன்றுவது இயல்பு. தாராளமாகப் போடலாம். நன்றாக மக்கிய மரத்தூள் மண்ணைப் பொலபொலப்பாக வைக்கும், வேருக்குக் காற்று விடும், சீக்கிரம் கரைந்து காணாமல் போகாது. ஆனால் மில்லில் இருந்து எடுத்துவந்த தூளை அன்றைக்கே மண்ணில் கலந்தால் ஒரே மாதத்தில் புல் மஞ்சளாகிவிடும்.

காரணம் எளிது. மரத்தில் கரிமம் (கார்பன்) மிக அதிகம், தழைச்சத்து (நைட்ரஜன்) மிகக் குறைவு. தழைச்சத்து ஒரு பங்கு என்றால் கரிமம் 400, 500 பங்கு வரை இருக்கும். மரத்தை மக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்குத் தங்கள் உடம்பைக் கட்டத் தழைச்சத்து வேண்டும். மரத்தில் கிடைக்காததால் சுற்றியுள்ள மண்ணிலிருந்து இழுத்துக்கொள்ளும். அந்த மண்ணில்தான் உங்கள் புல் நிற்கிறது. புல்லும் நுண்ணுயிரும் ஒரே தட்டில் கை வைத்தால் ஜெயிப்பது நுண்ணுயிர்தான். ஆகவே மரத்தூளின் பசியைப் புல்தரைக்கு வருமுன்பே, குவியலில் வைத்தே தீர்த்துவிட வேண்டும். கீழே சொல்லும் வேலை முழுவதும் அதற்காகத்தான்.

முதலில் மரத்தைச் சோதியுங்கள்

பதப்படுத்திய மரம் என்று சொன்னால் இரண்டு பொருள் வரும். பூச்சி, பூஞ்சாணம் தாக்காமல் இருக்க மருந்து ஏற்றிய மரம் ஒன்று. உரமாவதற்காக நாமே மக்க வைத்த மரம் மற்றொன்று. முதல் வகை புல்தரைப் பக்கமே வரக்கூடாது.

செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் கலந்த மருந்துதான் மரத்துக்கு ஏற்றும் மருந்துகளில் அதிகம் பேசப்படுவது. இதை 1933இல் உருவாக்கியவர் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த சொந்தி காமேசம் என்ற நம் நாட்டு விஞ்ஞானி. ஆஸ்கு என்ற பெயரில் அது உலகமெங்கும் போனது. கம்பம், வேலிக்கால், கூலிங் டவர் பலகை போன்றவற்றுக்கு அது அருமையான மருந்து. ஆனால் அந்த மரத்தை அறுத்த தூளில் ஆர்சனிக் அப்படியே இருக்கும். மக்க வைத்தாலும் போகாது, எரித்தாலும் போகாது. எரித்தால் சாம்பலில் இன்னும் செறிவாகத் தங்கும். குழந்தைகள் வெறுங்காலோடு ஓடி விளையாடும் இடத்தில் இதற்கு இடமே இல்லை. புதிதாக மருந்தேற்றிய மரத்தில் இளம்பச்சைச் சாயல் தெரியும். வெயிலில் நாள்பட்டால் சாம்பல் நிறமாகி அடையாளம் மறைந்துவிடும். எனவே பழைய கம்பம், பழைய வேலிக்கால், வெளிப்புறத் தளப் பலகை எதையும் நிறத்தை மட்டும் பார்த்து நம்ப வேண்டாம்.

பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டையில் தார் எண்ணெய் ஊறியிருக்கும். அதைத் தூளாக்கிப் போடுவது இருக்கட்டும், புல்தரைக்கு ஓரக்கட்டையாக வைப்பதையும் தவிர்க்கலாம். பிளைவுட், பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப். பலகை அறுத்த தூள் மாவு போல நைசாக, பார்க்க அழகாக இருக்கும். அதில் பசைப் பிசினும் பூச்சி மருந்தும் சேர்ந்திருக்கும். மாடுலர் கிச்சன் வேலை நடக்கும் பட்டறைகளில் கிடைப்பது பெரும்பாலும் இந்தத் தூள்தான். இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள். வார்னிஷ், பெயிண்ட் அடித்த பழைய கதவு, ஜன்னல் மரமும் வேண்டாம்.

ரப்பர் மரம் கன்னியாகுமரி, கேரளப் பக்கம் நிறையக் கிடைக்கும். அதை அறுத்ததும் துளைப்பான் பூச்சிக்காகப் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊற வைப்பார்கள். மருந்துக்கு முன்பு, பச்சையாக அறுத்த தூள் என்றால் எடுக்கலாம். மருந்தேற்றிய பலகையை இழைத்த தூள் என்றால் போரான் கூடிவிடும். புல் போரானை ஓரளவு தாங்கும். அது இலை நுனியில் சேர்ந்து, நாம் வெட்டும்போது வெளியே போய்விடும். ஓரத்தில் வைத்திருக்கும் ரோஜாவும் எலுமிச்சையும் அப்படித் தாங்காது.

சரக்குப் பெட்டிக்கு அடியில் வரும் பாலெட் மரத்தில் ஒரு முத்திரை குத்தியிருப்பார்கள். எச்.டி. என்ற எழுத்து இருந்தால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூடு 30 நிமிடம் ஏற்றிய மரம். அது வெறும் சூடுதான், மருந்தில்லை, எடுத்துக்கொள்ளலாம். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் புகையேற்றியது, அது வேண்டாம். முத்திரையே இல்லாவிட்டாலும், எண்ணெயோ வேறு கெமிக்கலோ சிந்திய கறை இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

நாட்டு மரம் அறுக்கும் மில்லே நல்ல இடம். மா, வாகை, பூவரசு, சவுக்கு, வேம்பு எல்லாம் ஆகும். தேக்கும் தைலமரமும் மக்கத் தாமதமாகும். விதை முளைப்பைத் தடுக்கும் பொருள்கள் அவற்றில் உண்டு. வேறு மரத்தூளோடு கலந்து, கூடுதலாக இரண்டு மாதம் மக்க வைத்தால் பயன்படுத்தலாம். மில்லுக்குப் போனதும் ஒரு கைப்பிடித் தூளை எடுத்து முகர்ந்து பாருங்கள். சில மில்களில் ரம்பத்தில் பிசின் ஒட்டாமலிருக்க டீசலோ மண்ணெண்ணெயோ சொட்டவிடுவார்கள். அந்த வாடை தெரிந்தால் வேறு மில் பார்க்க வேண்டியதுதான். அன்று என்ன மரம் அறுத்தார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் மூட்டை கட்ட வேண்டும்.

எவ்வளவு வாங்குவது

இங்கே 200 சதுர அடி புல்தரையைக் கணக்காக வைத்துக்கொள்வோம். அரை அடி ஆழத்துக்கு மண் கலவை போட்டால் 100 கன அடி, அதாவது லாரிக்காரர் சொல்லும் ஒரு யூனிட். அதில் ஐந்தில் ஒரு பங்கு மக்கிய மரத்தூள் என்றால் 20 கன அடி. மக்கும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும் என்பதால், தொடக்கத்தில் 35 கன அடி, அதாவது ஒரு கன மீட்டர் பச்சைத் தூள் வேண்டும். காலி சிமெண்ட் மூட்டையில் அளந்தால் சுமார் 28 மூட்டை.

இழைப்புளியில் வரும் சுருள் சீவலைவிட ரம்பத் தூள் நல்லது. சுருள் மக்க நாளாகும், தரையில் பள்ளமும் விழும். முழுக்க மாவு போன்ற தூள் மட்டும் இருந்தால் காற்றுப் போகாது. அப்போது நாலில் ஒரு பங்கு சுருளோ காய்ந்த சருகோ சேருங்கள்.

இதற்கு வேண்டிய மற்றவை: புதுச் சாணம் 100 கிலோ, யூரியா 3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 1 கிலோ, நன்கு மக்கிய பழைய குப்பை அல்லது தோட்ட மண் 20 கிலோ, கிடைத்தால் கிளைரிசிடியா போன்ற பச்சைத் தழை ஒரு மூட்டை. யூரியா வேண்டாம் என்பவர்கள் அதற்குப் பதிலாகக் கோழி எரு 45 முதல் 50 கிலோ போடலாம்.

இந்த அளவு எப்படி வந்தது என்று தெரிந்தால் நீங்களே கூட்டிக் குறைக்கலாம். ஒரு கன மீட்டர் தூளின் உலர் எடை சுமார் 200 கிலோ. கடின மரம் மக்க அதன் எடையில் ஏறக்குறைய 1 சதம் தழைச்சத்து வேண்டும். அது 2 கிலோ. யூரியாவில் 46 சதம் தழைச்சத்து, ஆக 3 கிலோவில் 1.4 கிலோ. சாணம் 100 கிலோவில் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மீதியைத் தழை கொடுக்கும்.

குவியல் போடுவது

நிழலான, நீர் தேங்காத இடமாகப் பாருங்கள். வீட்டுச் சுவரிலிருந்து மூன்றடியாவது தள்ளி இருக்கட்டும். காய்ந்த மரத்தூளைத் தேடிக் கரையான் வரும், அது சுவர் வழியாக நிலைக்கதவுக்குப் போக நாம் வழி காட்டக்கூடாது. மூன்றரை அடிக்கு மூன்றரை அடி சதுரம், மூன்றரை அடி உயரம். செங்கலைச் சாந்தில்லாமல் இடைவெளி விட்டு அடுக்கினாலே தொட்டி தயார். கம்பி வலையும் போதும். இதைவிடச் சிறிய குவியலில் சூடு நிற்காது. ஆள் உயரத்துக்கு மேல் கொட்டினால் நடுவில் காற்றில்லாமல் புளித்துப்போகும். பெரிய குவியலில் உள்சூடு ஏறித் தானாகவே தீப்பிடித்ததும் உண்டு.

தூளைக் கொட்டும்போதும் கிளறும்போதும் மூக்கையும் வாயையும் மறைத்துக்கொள்ளுங்கள். கடின மரத்தூளை நாள்பட்டுச் சுவாசிப்பது மூக்குப் புற்றுநோய்க்குக் காரணமாகும் என்பது உறுதியான விஷயம். துண்டு கட்டினால் நைசான தூள் நிற்காது, நல்ல முகக்கவசமே போடுங்கள்.

முதல் அடுக்கு நாலு மூட்டை மரத்தூள், அரை அடி உயரம். சாணத்தில் ஏழில் ஒரு பங்கை, அதாவது 15 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடுத்து, இரண்டு மூன்று வாளி தண்ணீரில் கரைத்து மேலே ஊற்றுங்கள். அந்தக் கரைசலிலேயே 140 கிராம் யூரியா கலந்துவிடுங்கள். ஒரு கைப்பிடி சூப்பர், பழைய குப்பையிலும் ஏழில் ஒரு பங்கு, கொஞ்சம் தழை. இப்படி ஏழு அடுக்கு. மேலே அரை அங்குலம் மண் தூவி, பழைய சாக்கு போட்டு மூடுங்கள்.

3 கிலோ யூரியாவில் இப்போது ஒரு கிலோ மட்டும்தான். முதல் கிளறலில் ஒரு கிலோ, இரண்டாவது கிளறலில் ஒரு கிலோ. எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டால் பாதிக்கு மேல் அமோனியா வாயுவாகப் பறந்துவிடும். கிளறும்போது கண் எரிந்தால் உங்கள் காசு காற்றில் போகிறது என்று பொருள். புளிப்பு முறியட்டும் என்று சுண்ணாம்பு போடச் சொல்வார்கள். யூரியாவோடு சுண்ணாம்பு சேர்ந்தால் இந்த இழப்பு இன்னும் கூடும். நம் ஊர்களில் போர் தண்ணீர் பெரும்பாலும் உவர்ப்பும் காரத்தன்மையும் உள்ளது என்பதால் சுண்ணாம்பு தேவையே படாது.

தண்ணீர் விஷயத்தில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். காய்ந்த மரத்தூள் தண்ணீரை உடனே ஏற்காது. மேலே ஊற்றினால் ஓரமாக வழிந்து ஓடிவிடும், தோண்டிப் பார்த்தால் உள்ளே தூசி பறக்கும். ஒரு கன மீட்டர் காய்ந்த தூள் நனைய 250 முதல் 300 லிட்டர் வரை பிடிக்கும். ஒரே தடவையாக ஊற்றாமல் பூவாளியால் மெதுவாகத் தெளித்து, கிளறி, மறுபடி தெளிக்க வேண்டும். அடுக்கு போடும் முதல் நாளே தூளைப் பரப்பி நனைத்து, சாக்கு மூடி ஓர் இரவு விட்டால் மறுநாள் வேலை பாதியாகும். சரியான ஈரம் எது என்பதற்குக் கையே கருவி. நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து இறுகப் பிழியுங்கள். விரல் இடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு கசிந்து, கையைத் திறந்ததும் உருண்டை உடையாமல் நின்று, கட்டை விரலால் தட்டினால் உதிர வேண்டும். தண்ணீர் ஒழுகினால் அதிகம். உருண்டையே பிடிக்காவிட்டால் குறைவு.

கிளறுவதும் காத்திருப்பதும்

நாலாவது நாளில் ஓர் இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவரை செருகி, பத்து நிமிடம் கழித்து உருவி, நுனியைப் பிடித்துப் பாருங்கள். பிடிக்க முடியாத சூடு இருந்தால் வேலை நன்றாக நடக்கிறது. உள்ளே 55 டிகிரிக்கு மேல் இருக்கும். களை விதையும் நோய்க் கிருமியும் அதில் சாகும். வெதுவெதுப்புகூட இல்லையென்றால் ஈரம் குறைவு, அல்லது சாணம் கரைசலாகப் போகாமல் கட்டியாகவே நின்றுவிட்டது. பிரித்து நனைத்து மறுபடி அடுக்குங்கள்.

15, 30, 45, 60ஆம் நாட்களில் கிளறுங்கள். வெளியில் இருந்தது உள்ளே, உள்ளே இருந்தது வெளியே வர வேண்டும். பக்கத்திலேயே இன்னொரு தொட்டி இருந்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிவிடலாம், இடுப்பு வலி மிச்சம். அதன்பிறகு மாதம் ஒரு முறை போதும். ஒவ்வொரு முறையும் ஈரம் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தார்ப்பாய் போட்டு மூடாவிட்டால் போட்ட யூரியா எல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். மூடும்போது பக்கவாட்டில் காற்றுப் போக இடம் விடுங்கள்.

தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் தென்னை நார்க் கழிவுக்குச் சொல்லும் முறை ஒன்று உண்டு: ஒரு டன்னுக்கு 5 கிலோ யூரியா, சிப்பிக் காளான் வித்து ஐந்து புட்டி. மரத்தின் கடினமான லிக்னினை உடைப்பதில் சிப்பிக் காளான் கெட்டிக்காரன். பக்கத்தில் காளான் பண்ணை இருந்தால், அறுவடை முடிந்து வீசும் வைக்கோல் படுக்கை இரண்டு மூன்றை வாங்கி உதிர்த்து, சூடு அடங்கிய பிறகு, அதாவது இரண்டாவது கிளறலுக்குப் பின், கலக்கலாம். சூடாக இருக்கும்போது போட்டால் பூசணம் வெந்துபோகும்.

சாதா நாட்டு மரத்தூள் நம் வெயிலில் நாலிலிருந்து ஐந்து மாதத்தில் தயாராகும். தேக்கு, தைலமரம் கலந்தது ஆறு, ஏழு மாதம். ஆடியில் குவியல் போட்டால் தை மாதம் புல் நடச் சரியாக இருக்கும்; வடகிழக்குப் பருவமழை முடிந்து, வெயில் ஏறுவதற்கு முந்தைய நல்ல காலம் அது.

மக்கிவிட்டதா என்று எப்படித் தெரியும்

நிறம் காப்பித்தூள் போலக் கறுத்திருக்கும். மர வாசம் போய், முதல் மழையில் எழும் மண் வாசம் வரும். விரலில் தேய்த்தால் நார் உடையும். கிளறி நனைத்து மூன்று நாள் விட்டாலும் சூடு ஏறாது. இவை எல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது, அதைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

அடியில் ஓட்டை போட்ட இரண்டு கொட்டாங்குச்சி எடுங்கள். ஒன்றில் தோட்ட மண் மட்டும். மற்றொன்றில் தோட்ட மண்ணும் மக்கிய மரத்தூளும் சரிபாதி. இரண்டிலும் இருபது இருபது கேழ்வரகு விதை. கேழ்வரகும் புல் குடும்பம்தான் என்பதால் உங்கள் புல்லுக்கு என்ன ஆகும் என்பதை அது சரியாகக் காட்டும். ஆறாவது நாள் முளைத்ததை எண்ணுங்கள். மரத்தூள் கலந்ததில் முளைப்பு பாதிதான் என்றால் நச்சுப் பொருளோ புளிப்போ இன்னும் இருக்கிறது. எல்லாம் முளைத்து, பத்து பன்னிரண்டு நாளில் அடி இலை மஞ்சளாகி வளர்ச்சி நின்றால், நச்சு இல்லை, தழைச்சத்துப் பசி இன்னும் தீரவில்லை. முதலாவதற்கு மருந்து: பரப்பிக் காற்றாட விட்டு, தண்ணீர் விட்டு அலசி, மறுபடி குவிப்பது. இரண்டாவதற்கு: அரைக் கிலோ யூரியாவைக் கரைத்துத் தெளித்து இன்னும் ஒரு மாதம் விடுவது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, புளித்த குவியலுக்கு யூரியா போட்டால் ஒரு பயனும் இல்லை.

கலவை

மக்கிய தூளை அரை அங்குலச் சல்லடையில் சலித்து, நிற்கும் குச்சி, பட்டை எல்லாவற்றையும் அடுத்த குவியலுக்கு ஒதுக்குங்கள். சோம்பலில் இதை விட்டுவிட்டால் அந்தத் துண்டுகள்தான் பின்னால் காளானுக்கும் கரையானுக்கும் வீடாகும்.

200 சதுர அடிக்குச் செம்மண் 40 கன அடி, மணல் 40, மக்கிய மரத்தூள் 20. இவற்றைக் கலந்தால் 100 கன அடி நிற்காது. நைசானது பருமனானதன் இடுக்கில் புகுந்து 85, 90தான் வரும். எனவே செம்மண்ணும் மணலும் ஏழெட்டு கன அடி கூடுதலாகவே சொல்லிவையுங்கள். ஆற்று மணல் கிடைக்காத இடத்தில் எம்-சாண்ட் போடலாம். கான்கிரீட்டுக்கு வரும் பருமனான ரகம் வேண்டும், பூச்சு வேலைக்கான நைஸ் ரகம் வேண்டாம். அதையும் ஒரு முறை தண்ணீரில் அலசிக் கல்மாவை ஓடவிடுங்கள். கல்மாவு தங்கினால் மண் சிமெண்ட் போல இறுகிவிடும்.

மரத்தூளை நாலில் ஒரு பங்குக்கு மேல் போகவிடாதீர்கள். அதிகம் போட்டால் இன்னும் பொலபொலப்பாக இருக்குமே என்று தோன்றும். மரம் எவ்வளவு மக்கினாலும் மண்ணுக்குள் தொடர்ந்து கரைந்துகொண்டேதான் இருக்கும். கூடுதலாகப் போட்ட இடம் இரண்டாவது வருடம் மெத்தை போல அமுங்கும், புல்வெட்டி அங்கே மட்டும் ஆழமாகச் சீவி மொட்டையடிக்கும். கோல்ஃப் மைதானத்தில் குழியைச் சுற்றியுள்ள கிரீன் என்ற புல்பரப்பில் எண்பது சதத்துக்கு மேல் மணல் போடுவதைப் பார்த்து வீட்டிலும் அதே விகிதம் கேட்பவர்கள் உண்டு. அங்கே தினமும் தண்ணீரும், அளந்து அளந்து உரமும் கொடுக்க ஆள் இருக்கிறது. வீட்டுக்குச் செம்மண் கலந்த கலவையே தாங்கும்.

அடியில் களிமண்ணோ கரிசலோ இருந்தால் அதன்மேல் நேராகக் கலவையைக் கொட்டாமல், நாலைந்து அங்குலம் கடப்பாரையால் கொத்திப் புரட்டி, நூறடிக்கு ஓரடி என்ற கணக்கில் வாட்டம் கொடுத்து, பிறகு பரப்புங்கள். கொத்தாமல் விட்டால் மேலே வடிந்த தண்ணீர் களிமண் தளத்தில் தேங்கி வேர் அழுகும்.

கலவையைப் பரப்பும்போதே 17:17:17 காம்ப்ளக்ஸ் அரைக் கிலோவை மேல் இரண்டு அங்குலத்தில் தூவிக் கலந்துவிடுங்கள். மட்டப்பலகை இழுத்து, தண்ணீர் விட்டு, ஒரு வாரம் அமுங்கவிட்டு, பள்ளம் விழுந்த இடத்தை நிரப்பி மறுபடி மட்டம். அதற்குள் முளைக்கும் கோரையைக் கிழங்கோடு பிடுங்கிவிடுங்கள். புல் பிடித்த பிறகு அது உங்களுக்கு அடங்காது.

நடுவதில் விசேஷம் ஒன்றும் இல்லை. அருகம்புல் என்றால் கணுவோடு துண்டாக்கி நாலங்குல இடைவெளியில் பதிப்பது; கொரியன் புல் என்றால் பத்தையை அப்படியே விரித்தோ, கைப்பிடி கைப்பிடியாகப் பிரித்தோ வைப்பது. மிதித்து அழுத்தி, முதல் பதினைந்து நாள் காலை மாலை தெளிப்பு. மழைக்காலத்தில் நட்டால் புல் பிடிக்கும் முன்பே லேசான மரத்தூள் மிதந்து மேலே வந்து, தண்ணீர் போகும் பக்கம் ஓடி வடிகாலை அடைக்கும். அதற்காகத்தான் தை மாதம்.

நட்ட பிறகு வரும் சிக்கல்கள்

மஞ்சள். மரத்தூள் கலந்த புல்தரையில் முதலில் பயப்படுவது இதற்குத்தான். எந்த இலை மஞ்சள் என்று குனிந்து பாருங்கள். அடி இலை, பழைய இலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறை: 100 கிராம் யூரியாவை 20 லிட்டரில் கரைத்து 200 சதுர அடிக்கும் தெளித்து, உடனே நல்ல தண்ணீர் விடுங்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை, முதல் மூன்று மாதம். அவசரப்பட்டு இரட்டிப்பாகப் போட்டால் நுனி கருகும். புது இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புக் குறை, காரத் தண்ணீரால் வருவது. இதற்கு யூரியா கொட்டிப் பயனில்லை. நாட்டு மருந்துக் கடையிலோ உரக்கடையிலோ கிடைக்கும் அன்னபேதி (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம், ஒரு சிட்டிகை எலுமிச்சை உப்பு சேர்த்து மாலையில் தெளியுங்கள். டைல்ஸிலும் சிமெண்ட் தரையிலும் பட்டால் துருக்கறை லேசில் போகாது. தெளிக்கும் முன் தரையை நனைத்துவிட்டு, தெளித்ததும் கழுவிவிடுங்கள்.

ஒரே நாளில் புல் வெளுத்துக் கருகினால் அது வேறு விஷயம். காற்றில்லாமல் புளித்த தூள், காடி போன்ற நெடியோடு வந்திருக்கும். அதில் உண்டான அமிலம்தான் சுட்டது. மூட்டையைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் அந்த நெடி வந்தால் அன்று எதுவும் செய்யாமல், அரை அடி கனத்தில் பரப்பி இரண்டு மூன்று நாள் காற்றாட விடுங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் நிறையத் தண்ணீர் விட்டு அலசுவதுதான் வழி. வேர் உயிரோடு இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் துளிர்க்கும்.

காளான். மழைக்குப் பிறகு அங்கங்கே குடை விரிந்தால் அடியில் மரத்துண்டு இருக்கிறது. புல்லுக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் புல்தரையில் பெரிதாக, வெள்ளையாக, செதிலோடு வரும் ஒரு குடைக் காளான் விஷமுள்ளது. முற்றியதும் அதன் அடிப்பக்கச் செவுள் சாம்பல் பச்சையாகும். தின்றால் கடும் வாந்தியும் பேதியும் உண்டாகும். சின்னக் குழந்தையோ நாயோ உள்ள வீட்டில் விரியும் முன்பே காலையில் பிடுங்கி எறிந்துவிடுங்கள். மூலத்தைப் போக்க, அந்த இடத்தில் அரை அடி தோண்டி மரத்துண்டை எடுத்தால்தான் தீரும்.

காய்ந்த திட்டு. மற்ற இடம் பச்சையாக இருக்க, ஒரு கையகலம் மட்டும் காய்ந்து, தண்ணீர் விட்டால் உருண்டோடும். மரத்தூள் அங்கே கட்டியாகக் கலந்து, ஒரு முறை முற்றிலும் காய்ந்துவிட்டது. முள் கரண்டியால் இரண்டங்குலத்துக்கு ஒரு குத்து என்று குத்தி, மெதுவாகப் பல தடவை தண்ணீர் ஊற விடுங்கள். கலக்கும்போது கொத்துக் கொத்தாக விட்டதுதான் இதற்குக் காரணம், அடுத்த முறை மூன்று தடவை புரட்டுங்கள்.

கரையான் மண் தெரிந்தால் அந்த இடத்தைக் கிளறி, மிச்சம் இருக்கும் மரத்தை எடுத்துவிடுவதுதான் முதல் வேலை. சலித்து, நன்றாக மக்கியதில் கரையானுக்குத் தின்ன ஒன்றும் இருக்காது.

ஒரு வருடம் கழித்துத் தரை கால் அங்குலம், அரை அங்குலம் இறங்கும். அப்போது அதே மக்கிய தூள் ஒரு பங்கு, அலசிய மணல் இரண்டு பங்கு கலந்து, கால் அங்குலச் சல்லடையில் சலித்து, புல்லை ஒட்ட வெட்டியபின் 3 மில்லிமீட்டர் கனத்துக்கு விசிறுங்கள். 200 சதுர அடிக்கு 2 கன அடி, 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் மூன்று வாளி போதும். விளக்குமாற்றின் பின்பக்கத்தால் தேய்த்தால் இலைகளுக்கு இடையில் இறங்கிவிடும். புல் நுனி வெளியே தெரிய வேண்டும். மூடிவிட்டால் மூச்சு முட்டி அழுகும். பள்ளம் அதற்குமேல் இருந்தால் ஒரே நாளில் நிரப்பாமல் மாதம் ஒரு தடவையாக மூன்று தடவையில் நிரப்புங்கள்.